இழுத்தால் பிரிய வேண்டிய தையல்

அன்புள்ள பிரபா,

நீ வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பிக் கேட்ட கேள்விக்கு இன்றோடு பதினெட்டு நாளாகப் பதில் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நடுவில் மூன்று தடவை நினைவுபடுத்தினாய். கல்யாண சீசன், பிளவுஸ் குவிந்து கிடக்கிறது என்றேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருக்கிறேன் என்றேன். மெஷினில் மோட்டார் போய்விட்டது என்றேன். மூன்றும் பொய். நான்காவது பொய்க்கு எனக்குச் சாமர்த்தியம் போதாது, அதனால் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். குரலாகவே பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, துணி மடித்துக்கொண்டே கேட்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? இதை நீ ஒரு இடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். படித்ததும் உடனே கூப்பிடாதே. ஒரு நாள் போகட்டும்.

நீ கேட்டது சின்ன விஷயம்தான். ‘அம்மா, அடுத்த மாசம் மலைப்பக்கம் போறோம். அங்க பறக்கறப்ப பிஸ்டல் வெச்சுக்கணும். இடுப்புல மாட்டு, தொடைல கட்டு, தோள்ல தொங்கவிடுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதுவும் ஓவராலுக்கு ஒத்து வரல. நீ ஜெயராஜ் அங்கிளுக்கு ஒரு உறை தைச்சுக் குடுத்தியே, அதே மாதிரி எனக்கும் தைச்சு அனுப்பேன்.’ சொல்லிவிட்டுச் சிரித்தாய். பின்னால் யாரோ ஹிந்தியில் உன்னைக் கூப்பிட்டார்கள். அதே மாதிரி என்கிற இடம் வந்ததும் நான் நிறுத்திவிடுவேன், மறுபடி முதலிலிருந்து போடுவேன். மகள் குரல் அவ்வளவு இனிக்கிறதா என்று அப்பா கேலி செய்தார். ஊசியில் நூல் கோக்க முடியாமல் அன்றைக்குக் கடையைப் பாதியிலேயே மூடினேன்.

உனக்குத் தெரிந்த பாதியை முதலில் சொல்கிறேன். தெரியாத பாதிக்குப் போய்ச் சேர எனக்கு அந்த வழிதான் தெரியும். ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் மாடியில் குடியிருந்தார்கள் ஜெயராஜும் அவர் மனைவி மெர்சியும். அவர் ஹெலிகாப்டர் பைலட். உனக்கு அப்போது பத்து வயது. மாடிக்குப் போனால் இறங்க மாட்டாய். அவருடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கழுத்து ஒடிகிற மாதிரி நடப்பாய். நீ பைலட் ஆனதற்கு நானோ அப்பாவோ காரணமில்லை என்பதை நான் என்றைக்கோ ஒப்புக்கொண்டேன். அவருடைய படைப்பிரிவின் துணிச் சின்னத்தை மெர்சி உனக்குக் கொடுத்தாளே, அதை இன்னும் உன் பர்ஸில் வைத்திருக்கிறாய் என்பதும் தெரியும். போன லீவில் நீ குளிக்கப் போனபோது பர்ஸைத் திறந்து பார்த்தேன். திட்டிக்கொள்.

கேம்ப் ரோட்டில் நம் கடைக்கு லேடீஸ் டெய்லர் என்று போர்டு இருக்கிறதே தவிர, பாதி நேரம் என் கையில் இருப்பது ஏர்ஃபோர்ஸ்காரர்களின் ஓவரால்தான். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணி, முன்னால் நீள ஜிப். ஸ்டோரில் கொடுப்பது யாருக்கும் சரியாக இருக்காது. கால் மடிக்க, இடுப்புப் பிடிக்க, பாக்கெட் தூக்கி வைக்க என்று வருவார்கள். ஜெயராஜ் வடகிழக்கே மூன்று மாத வேலையாகப் போக உத்தரவு வந்ததும், ஒரு மரக்கட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். துப்பாக்கியை வெளியே கொண்டுவரக் கூடாதாம், அதனால் ஆசாரியிடம் சொல்லி அதே அளவில் கட்டையை அறுத்து வாங்கியிருந்தார். ‘அக்கா, இது உட்கார ஒரு வூடு கட்டிக் குடுங்க’ என்றார். தூத்துக்குடிக்காரர், நம் ஊர்ப் பேச்சைப் பேசிக் காட்டி என்னைச் சீண்டுவதில் அவருக்கு ஒரு குஷி.

நான் வழக்கம்போல அவரை நிற்கவைத்து டேப் பிடித்தேன். எழுந்து நிற்கிற ஆளைத்தானே நாம் அளப்போம்? அவர் கையைத் தூக்கிக்கொண்டே சிரித்தார். ‘நின்னுகினு எவன்க்கா ஹெலிகாப்டர் ஓட்டறான்?’ என்றார். பிறகுதான் கூத்து நடந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும். கடையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, இரண்டு துப்பட்டாவைத் தோள்வழியாகக் குறுக்கே போட்டு, அப்பாவின் வேட்டியை மடித்து மடியில் இறுக்கி, சீட்டுப் பட்டை மாதிரி கட்டினோம். நீ முடிச்சுப் போட்டாய். பிளவுஸ் வாங்க வந்த ஒரு அம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டு, ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டாள். கட்டின பிறகு அவர் கட்டையை இடுப்பில் வைத்துக் காட்டினார். வேட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது, எடுக்கவே முடியவில்லை, எலும்பில் குத்தியது. தொடையில் வைத்தால் இடது பக்கம் ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் தண்டு இடிக்கும், வலது தொடையில் வரைபடப் பலகை கட்ட வேண்டும். கடைசியில் இடது அக்குளுக்குக் கீழே, நெஞ்சோடு ஒட்டி, வலது கை தானாகப் போகிற இடத்தில் வைத்தோம். அங்கே பட்டை எதுவும் படவில்லை. நான் சாக்பீஸால் ஓவரால்மேலேயே கோடு போட்டேன்.

அந்த உறையை நான் எப்படித் தைத்தேன் என்று இப்போது நினைத்தாலும் பெருமையாகத்தான் இருக்கிறது, அந்தப் பெருமைதான் என்னை அரிக்கிறது. கெட்டிக் காடாத் துணி, உள்ளே மெல்லிய தோல், மேலே ஒரு மூடி, கையுறை போட்ட விரலாலும் திறக்கிற பொத்தான். இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். அதோடு அவர் ஸ்டோரில் கொடுத்த கயிறு ஒன்றையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். துப்பாக்கியின் பிடியில் ஒரு முனை, தோள்பட்டையில் ஒரு முனை. கை தவறி விழுந்தாலும் துப்பாக்கி தொலையாமல் இருப்பதற்கு. தோள்பட்டையில் மாட்டும் வளையத்தை வெறும் பருத்தி நூலால், பெரிய பெரிய ஓட்டுத்தையலாக, ஏழெட்டுக் குத்தில் பிடித்திருந்தார்கள்.

ஓட்டுத்தையல் என்றால் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அளவு சரிபார்க்கிறவரை துணியைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கிற தையல் அது. நல்ல தையல் போட்டதும் இழுத்துப் போட்டுவிடுவோம். ஓட்டுத்தையலோடு ஒரு துணி கடையை விட்டு வெளியே போனால் அந்தத் தையல்காரிக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. நான் தொழில் பழகிய இடத்தில் அதற்கே கையில் அடி விழும். அதனால் அந்தக் கயிற்றைப் பார்த்ததும், எவனோ சோம்பேறி ஓட்டுத்தையல் போட்டுவிட்டு, அசல் தையலை மறந்துவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. அவரைக் கேட்கவும் இல்லை. மாடியில்தான் இருந்தார், பத்துப் படி ஏறினால் கேட்டிருக்கலாம். அந்த நூலை உருவிப் போட்டுவிட்டு, செருப்புக்குப் போடுகிற மெழுகு நூலை மூன்று இழையாகத் திரித்து, நாலு பக்கமும் கட்டம் கட்டி, குறுக்கே பெருக்கல் போட்டுத் தைத்தேன். தைத்து முடித்ததும் காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. என் பங்குக்கு ஒரு உபகாரம் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் அதைச் சொல்லிக் காட்டக்கூட இல்லை, சொன்னால் உபகாரத்தின் ருசி போய்விடும் அல்லவா?

அவர் போனார். ஏழாவது வாரம் செய்தி வந்தது. நீ ஸ்கூலில் இருந்தாய். மெர்சி படியில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை. ஆற்றங்கரையில் ஹெலிகாப்டர் அடிபட்டு இறங்கிச் சாய்ந்துவிட்டது, தீக்காயம், ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் போய்விட்டார். உனக்கு இவ்வளவுதான் சொன்னோம். எனக்கும் அன்றைக்கு இவ்வளவுதான் தெரியும். நீ மூன்று நாள் சாப்பிடவில்லை. நானும் அழுதேன், வாய்விட்டு அழுதேன். அது சுத்தமான அழுகை. அதற்குப் பிறகு எனக்கு அப்படி அழ வாய்க்கவே இல்லை.

இனி உனக்குத் தெரியாத பாதி. மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் சுந்தர் சார் கடைக்கு வந்தார். அன்றைக்கு அந்த ஹெலிகாப்டரில் ஜெயராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவர் அவர்தான். கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. ஜெயராஜுக்குத் தைத்த மாதிரியே தனக்கும் ஒரு உறை வேண்டும் என்று சாமானையெல்லாம் மேஜையில் வைத்தார். நான் கேட்காமலே அவரே பேசத் தொடங்கினார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது போல. ‘கயிறு சீட்டு லீவர்ல சுத்திக்கிச்சுக்கா. நான் வெளிய வந்து சுத்திப் போய் அவனை இழுக்கறேன், வரல. மூணு தடவ இழுத்தேன். அப்புறம்தான் என்ன பிடிக்குதுன்னு தெரிஞ்சு கத்தியெடுத்து அறுத்தேன். அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷத்துலதான் நெருப்பு வந்துச்சு.’

அப்புறம் அவர் தன்னுடைய கயிற்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். தோள்பட்டை வளையத்தில் அதே பருத்தி நூல், அதே ஏழெட்டுக் குத்து. ‘இந்த ஓட்டுத்தையல மட்டும் தொடாதீங்கக்கா. வேகமா இழுத்தா பிரியணும்னே போட்டது. அவனோடத ஸ்டோர்ல எவனோ பிரிச்சுட்டு கெட்டியா தைச்சு வெச்சிருக்கான். நல்லாத்தான் தைச்சிருந்தான், படுபாவி.’

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘டீ சாப்பிடறீங்களா சார்?’ என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் வேண்டாமென்றார். நான் கயிற்றை ஓரமாக வைத்துவிட்டு, டேப்பை எடுத்து, அவரை நாற்காலியில் உட்காரவைத்து அளவெடுத்தேன். என் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. அவர் போன பிறகு நாற்காலியைக் கடைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டேன். என்ன ஆச்சு நாற்காலிக்கு என்று நீகூடக் கேட்டாய். கால் உடைந்துவிட்டது என்றேன்.

விசாரணை நடந்தது, ஸ்டோரில் இருந்த ஒரு ஆளைப் பிடித்துக் கேட்டார்கள், அவன் தெரியாது தெரியாது என்று சாதித்தான், பிறகு எங்கேயோ மாற்றிவிட்டார்கள் என்று காற்றுவாக்கில் காதில் விழுந்தது. அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டேன். சொல்லியிருந்தால் கடை போயிருக்கும், பேர் போயிருக்கும், நீ என் முகத்தில் விழித்திருப்பாயா என்பதே சந்தேகம். தைத்தது தப்பு என்று என்னை யாராவது திட்டினால் தாங்கிக்கொள்வேன், தெரியாமல் செய்தது. வாயை மூடிக்கொண்டிருந்தது தெரிந்தே செய்தது. அதற்கு எனக்கு இன்னும் ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஜெயராஜ் என்னை விடவில்லை. பேய் பிசாசு என்று சொன்னால் நீ சிரிப்பாய். அப்படி ஒன்றும் வரவில்லை, வந்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் பச்சை ஓவராலில் யார் முதுகைக் காட்டி நின்றாலும் அவர்தான். திரும்பினால் வேறு யாரோ. பிளவுஸில் ஓட்டுத்தையலை உருவும்போது நூல் சரசரவென்று வருமே, அந்தச் சத்தத்தில் கையை நிறுத்திவிடுவேன். இவ்வளவு லேசாக வந்திருக்கும், ஒரே இழுப்பில் வந்திருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். மேடவாக்கம் சிக்னலில் நிற்கும்போது சிவப்பு விளக்கில் எண் முப்பது, இருபத்தொன்பது என்று இறங்கிக்கொண்டு வரும். எல்லாரும் ஹார்ன் அடிப்பார்கள். எனக்கு அது முடியவே முடியாது. அரை நிமிஷம் எவ்வளவு நீளம் என்று ஊரில் என்னைவிடத் தெரிந்தவர்கள் யாருமில்லை. ஒருநாள் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு, ஏன் அழுகிறாய் என்று கேட்டார். லாரித் தூசி என்றேன்.

நீ விமானப்படைக்கு எழுதிப் போட்டபோது நான் ஏன் அப்படிச் சண்டை போட்டேன் என்று இப்போது உனக்குப் புரியும். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று பேசினேன், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்றேன், கூசாமல் அத்தனையும் பேசினேன். அதில் ஒன்றைக்கூட நான் நம்பவில்லை. நீ என்னைப் பத்தாம்பசலி என்றாய். உண்மையைச் சொல்வதைவிடப் பத்தாம்பசலியாக இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. உனக்கு அந்தச் சண்டையில் பட்ட காயத்துக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

சரி, கேட்டதற்குப் பதில். இடுப்பு வேண்டாம். ஓவராலுக்கு பெல்ட்டும் கிடையாது, மடிமேல் வருகிற சீட்டுப் பட்டைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவசரத்தில் கைக்கும் வராது, உன்னையும் விடாது. தொடை வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன், உன் சீட்டில் எந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நீதான் பார்க்க வேண்டும். ஆனால் தொடையில் கட்டுகிற பட்டை நிற்கும்போது சரியாக இருந்தால் உட்காரும்போது இறுகும். மணிக்கணக்கில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும், இறங்கி ஓட வேண்டிய நேரத்தில் கால் உன் பேச்சைக் கேட்காது. தோளில் என்றால் உனக்கு இரண்டு சங்கடம். ஜெயராஜுக்கு அளந்த இடம் உனக்கு ஆகாது, நெஞ்சில் அழுத்தும். அதை அக்குளுக்கு இன்னும் பின்னால் தள்ளினால் கை போய்ச் சேராது. அதைவிடப் பெரிய சங்கடம், நீ பாத்ரூம் போக வேண்டுமென்றால் ஓவராலைத் தோளிலிருந்து கழற்றி இறக்க வேண்டும். தோளில் உறை தொங்கினால் ஒவ்வொரு முறையும் அதையும் கழற்ற வேண்டும். கழற்றி எங்கே வைப்பாய்? ஆணியில் மாட்டிவிட்டு வருவாயா? இதையெல்லாம் ஆண்கள் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். பேசவும் மாட்டார்கள்.

ஆகவே ஓவராலுக்கு மேலே போடுவீர்களே, உயிர் காக்கும் சாமான் வைக்கிற சட்டை, அதன்மேலேயே உறை உட்காரட்டும். வயிற்றுக்கு மேல், விலாவுக்கு நேராக, சாய்வாக. சட்டையைக் கழற்றினால் எல்லாம் ஒன்றாகக் கழன்றுவிடும், அவசரத்தில் இறங்கினால் எல்லாம் ஒன்றாக உன்னோடு வரும். நைலான் துணி வாங்காதே, நெருப்பில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டுப்பட்டை வைத்த மூடி வேண்டாம், மண்ணும் நூலும் ஏறிவிட்டால் பிடிக்காது. பொத்தான் வை, கையுறையோடு திறந்து பார். நின்றுகொண்டு அளவெடுக்கிற எவனிடமும் தைக்கக் கொடுக்காதே.

இவ்வளவையும் குரலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு மற்றதை விழுங்கியிருக்கலாம். பதினெட்டு நாளில் பதினைந்து நாள் அதைத்தான் யோசித்தேன். அதே மாதிரி என்ற வார்த்தை விடவில்லை. போன சனிக்கிழமை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனியில் முப்பது வருஷம் மெஷினோடு வேலை செய்தவர், ஒரு தப்பு எங்கே போய் முட்டும் என்று அவருக்குத் தெரியும். பிறகு, ‘பொண்ணுக்கு அப்புறம் எழுது. மொதல்ல மெர்சிகிட்ட போ’ என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கம் போனேன். மெர்சி அங்கே ஒரு அடுக்குமாடியில் நாலாவது மாடியில் தனியாக இருக்கிறாள், பக்கத்து ஸ்கூலில் டீச்சர். சர்ச்சுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கீழே தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்துக் கத்திக்கொண்டிருந்தது, அது ஓயட்டும் ஓயட்டும் என்று நான் காத்திருந்தேன். அவள் காபி கொண்டுவந்து வைத்தாள். நான் டம்ளரைத் தொடாமல், ஜெயராஜின் கயிற்றை மாற்றித் தைத்தது நான்தான் என்று சொன்னேன். ஸ்டோர் ஆள் இல்லை, நான். சுந்தர் சார் வந்தது, நான் டீ வேண்டுமா என்று கேட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். ‘அவருக்குத் தெரியும்க்கா. கிளம்பறதுக்கு முந்தின நாள் பெட்டி அடுக்கறப்ப பாத்துட்டார். ஐயையோ, அக்கா இதப் போய் தைச்சு வெச்சிருக்காங்களேன்னு சிரிச்சார். பிரிக்கறதுக்கு பிளேடு எடுத்துட்டு வந்து உக்காந்தார். நான்தான் கையிலருந்து வாங்கிட்டேன். ஆசையா தைச்சுக் குடுத்திருக்காங்க, கீழயே இருக்காங்க, பாத்தா மனசு கஷ்டப்படுவாங்க, போயிட்டு வந்து பிரிச்சுக்கங்கன்னேன். சரின்னு வெச்சுட்டார்.’

நம் வீட்டு மாடியில், என் தலைக்கு மேலே, பிளேடு அவர் கையில் இருந்திருக்கிறது. என் மனசு நோகக் கூடாது என்று கீழே வைத்திருக்கிறார்கள். அவர் போன ஒரே மாதத்தில் மெர்சி வீட்டைக் காலி செய்ததும், வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்பினாலும் வாசலைத் தாண்டி உள்ளே வராததும் எனக்கு வேறு மாதிரி புரிந்திருந்தது. அந்த வீட்டைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் போயிருக்கிறாள். அந்த பிளேடை வாங்கியது தான்தான் என்று அவள் ஒருத்தரிடமும் சொன்னதில்லையாம். இரண்டு பேரும் ஒரே ஊரில், நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, இத்தனை வருஷம் ஆளுக்கு ஒரு பாதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காபி ஆறி ஏடு படிந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சுந்தர் சாரின் நம்பரை அவள்தான் கொடுத்தாள். அவருக்கும் எழுதிவிட்டேன், ஸ்டோர் ஆள் நிரபராதி என்று. அது எங்கே போய் முடியும், உன் வேலையிடத்தில் உன் காதுக்கு எப்படி வரும் என்று தெரியாது. யாராவது உன்னைக் கேட்டால், ஆமாம், என் அம்மாதான் என்று சொல். நீ ஒளிக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தோடு பார்சலில் ஒரு உறை வருகிறது. நேற்றுத்தான் முடித்தேன். உன் அளவை உன் பழைய ஓவராலை வைத்துப் போட்டேன், சரியில்லாமல் இருக்கலாம். கயிற்றை நான் தொடவில்லை, அதை அங்கே அதற்கென்று இருக்கிறவர்கள் போடட்டும். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு சீட்டில் உட்கார். பட்டையை இறுக்கிக் கட்டு. உன்னைவிட பலசாலி ஒருத்தரை அழைத்து, கதவு வழியாக உன்னை வெளியே இழுக்கச் சொல். இரண்டு பக்கமும் இழுக்கச் சொல். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு தடவை நீயே இறங்கு. துப்பாக்கி தொலைந்தால் தொலையட்டும், விசாரணை வைத்தால் வைக்கட்டும், நீ வெளியே வா. எங்கே சிக்கினாலும், ஒரு நூல் சிக்கினாலும், அங்கேயே பிளேடு எடு. அம்மா கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்தாளே என்று ஒரு நொடி யோசிக்காதே. போய்விட்டு வந்து பிரிக்கலாம் என்று எடுத்துவைக்காதே. பிரித்துத் தூக்கிப் போட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்று எனக்கு போன் பண்ணு.

நான் கட்டாயம் வருத்தப்படுவேன். வருத்தப்பட்டு உன்னோடு ரெண்டு நாள் பேசாமல் இருப்பேன். அதற்கு நீ இருக்க வேண்டும்.

அம்மா